தோட்டத்தில் ஓடப்போகும் முதல் நீராவி எஞ்சின்

(திருப்பதியில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ சின்னத் தண்டவாளம் போட்டு, அதில் நிஜமான நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் ஆசை இந்த அவையில் சிலருக்காவது இருக்கும். மின்சாரத்தில் ஓடிப் புகைக்குழாயில் பொய்ப் புகை விடும் ரயிலைப் பற்றி நான் பேசவரவில்லை. உள்ளே நெருப்பு எரியவேண்டும், தண்ணீர் கொதிக்கவேண்டும், அந்த ஆவியே பிஸ்டனைத் தள்ளவேண்டும். அப்படிப்பட்ட எஞ்சின்களில் முதலாவதாக எதை வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். நினைவில் ஓடுகிற எஞ்சினை முதலில் வாங்காதீர்கள். உங்கள் இடமும், உங்கள் ஊர் வெயிலும், உங்கள் வீட்டுத் தண்ணீரும் எதைத் தாங்குமோ அதை வாங்குங்கள். மீதி நேரமெல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நினைவில் ஓடுகிற எஞ்சின் எது? காட்பாடியில் புறப்பட்டு, சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதை 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர்கேஜ் பாதை. பாகாலாவில் பிரிந்து தர்மாவரம் போன கிளையும் மீட்டர்கேஜ்தான். இன்று எல்லாம் அகலப்பாதையாகி, மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. ஆனால் தென்னாட்டு மீட்டர்கேஜில் பயணம் செய்து வளர்ந்த தலைமுறைக்குக் ‘கரி எஞ்சின்’ என்றால் கண்முன் வருவது ஒய்பி. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர். 1949 முதல் இந்தியாவுக்காக 871 ஒய்பி எஞ்சின்கள் கட்டப்பட்டன. சரக்கு இழுக்க அதன் தம்பி ஒய்ஜி இருந்தது. அம்மாவின் மடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே கரித்தூள் கண்ணில் விழுந்த அந்த வண்டிதான் தோட்டத்திலும் ஓடவேண்டும் என்று மனம் கேட்கும். நியாயமான ஆசைதான். ஆனால் அது இரண்டாவது எஞ்சினுக்கோ மூன்றாவது எஞ்சினுக்கோ உரிய ஆசை.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். தோட்ட ரயிலில் உலகெங்கும் புழங்கும் தண்டவாள அகலம் இரண்டு: 45 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர். நம் பழைய பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். அதை 45ஆல் வகுத்தால் 22க்குச் சற்று மேல் வரும். 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் தோட்ட ரயிலை விற்கத் தொடங்கியபோது, ஐரோப்பிய மீட்டர்கேஜ் பாதைகளை மனத்தில் வைத்து 22.5இல் ஒரு பங்கு என்ற அளவை எடுத்துக்கொண்டது. அதனால்தான் 45 மில்லிமீட்டர் தண்டவாளம் இத்தனை பரவலாயிற்று. பாகாலா பாதையை வீட்டில் போட நினைப்பவருக்கு இது அதிர்ஷ்டம். கடையில் கிடைக்கும் தண்டவாளமே நம் பழைய பாதையின் சரியான சிறு வடிவம். பிராட்கேஜ்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. 1676 மில்லிமீட்டரை 45ஆல் வகுத்தால் 37 வருகிறது. அந்த அளவில் யாரும் வண்டி செய்து விற்பதில்லை. 32 மில்லிமீட்டரோ, 19இல் ஒரு பங்கு என்ற அளவில் இரண்டடிப் பாதைக்குச் சரியாக வரும். டார்ஜிலிங் மலை ரயில் அந்த அகலம்தான்.

இப்போது ஒய்பிக்கு வருவோம். டெண்டரோடு சேர்த்து அதன் நீளம் சுமார் 19 மீட்டர். 22.5ஆல் வகுத்தால் 85 சென்டிமீட்டர் வருகிறது. ஆறு பெரிய சக்கரங்கள் ஒரே சட்டத்தில் இறுகி நிற்கும் இந்த நீளமான எஞ்சின் திரும்ப, மூன்று மீட்டர் ஆரமுள்ள வளைவாவது வேண்டும். அப்படி ஒரு வட்டம் போட்டால் ஆறு மீட்டர் அகலம் போய்விடும். திருப்பதியில் எத்தனை வீட்டுக்கு ஆறு மீட்டர் காலி இடம் இருக்கிறது? இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் மட்டுமே உள்ள சின்ன எஞ்சினோ 60 சென்டிமீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் பாதை முடிந்தது, மாடியிலேயே போட்டுவிடலாம். எஞ்சினை வாங்கிவிட்டுப் பிறகு வளைவைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முதலில் வளைவை அளந்துகொள்ளுங்கள். பாதி எஞ்சின்கள் பட்டியலிலிருந்து தாமாகவே விலகிப்போகும்.

இன்னொரு ஆசை ஊட்டி ரயில். அந்தப் பல்சக்கரப் பாதையில், செங்குத்தான இடங்களில் பன்னிரண்டடி போனால் ஏறத்தாழ ஓரடி ஏறவேண்டும். அதற்காக ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகுப்பு எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். இரண்டு தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. மலையேறும்போது முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த ஆவியே அடுத்த ஜோடிக்குப் போகும். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் இந்த எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியிருக்கிறது. 2021இல் நிலக்கரியால் ஓடும் ஒன்றையும் கட்டி முடித்தது. நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டத் தெரிந்த கைகள் நம்மிடமிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கின்றன என்பது பெருமைதான். ஆனால் பொன்மலை கட்டுகிறது என்பதால் அதன் சிறு வடிவத்தை நாம் முதல் நாளே ஓட்டிவிட முடியாது. நான்கு சிலிண்டர் என்றால் பழுதாகும் இடமும் இரு மடங்கு.

சரி, பிறகு எதைத்தான் வாங்குவது? எஞ்சினின் வயிற்றிலிருந்து தொடங்குவோம்.

சின்ன நீராவி எஞ்சின்களில் மூன்று விதமான நெருப்பு உண்டு: ஸ்பிரிட், கேஸ், நிலக்கரி.

நிலக்கரியை முதல் எஞ்சினுக்கு நினைக்கவே வேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரி போடவேண்டும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவேண்டும், நெருப்பைக் கிளறவேண்டும். ஓடுகிற எஞ்சினின் பின்னால் நீங்களும் ஓடவேண்டும். சின்ன அடுப்புக்குச் சாம்பல் குறைந்த நல்ல கரி வேண்டும்; நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். இங்கிலாந்தில் 1920களில் ‘எல்பிஎஸ்சி’ என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ், சின்ன எஞ்சினும் உண்மையான கரியில் ஓடி ஆளையே இழுக்கும் என்று வாதாடியவர். அவரே தொடக்கக்காரர்களுக்கு வடிவமைத்துக் கொடுத்த எஞ்சின் ‘டிச்’. நான்கே சக்கரம், டெண்டர்கூடக் கிடையாது. கரியின் பெரிய வக்கீலே முதல் எஞ்சின் விஷயத்தில் சின்னதாகத்தான் நினைத்தார்.

ஸ்பிரிட் மலிவு, எளிது. எளிய எஞ்சின்களில், பித்தளை உருளைக்குக் கீழே நெருப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் இதற்கு இரண்டு தடை. ஒன்று காற்று. மாடியில் அடிக்கும் காற்றில் வெளியே எரியும் நெருப்பு நிற்காது. இன்னொன்று, பட்டப்பகலில் ஸ்பிரிட்டின் தீ கண்ணுக்கே தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஸ்பிரிட் சிந்திப் பாதையெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்; சித்தூர் வெயிலில் நீங்கள் அதைப் பார்க்கமாட்டீர்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கும் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மிஞ்சியது கேஸ். பாய்லரின் நடுவே ஒரு குழாய், அதற்குள் பர்னர், நெருப்பு முழுவதும் தண்ணீருக்கு நடுவே அடைபட்டு எரியும். காற்று அடித்தாலும் அணையாது, சூடும் வீணாகாது. இங்கிலாந்தின் டான்காஸ்டரிலிருந்து ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் செய்யும் எஞ்சின்களும், அக்யுகிராஃப்ட் நிறுவனத்தின் சிறு எஞ்சின்களும் பெரும்பாலும் இந்த வகைதான். முதல் எஞ்சின் இந்த வகையில் இருக்கட்டும்.

ஆனால் கேஸ் விஷயத்தில் அந்த ஊர்க்காரர்கள் எழுதிய கையேட்டை அப்படியே நம்பமுடியாது. அவர்களுக்குப் பிரச்சினை குளிர். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகில் ஆவியாக மறுக்கும். அதனால் கேஸ் தொட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். நமக்குப் பிரச்சினை நேர்மாறு. 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 40 டிகிரியில் அது மூன்று கிலோவை நெருங்கும். மே மாதத் திருப்பதி 40ஐச் சாதாரணமாகத் தாண்டும். பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தொட்டி அதைவிடச் சுடும். கேஸ் சீறிக்கொண்டு வரும். தீ பர்னரை விட்டுத் தள்ளி எரியும், அல்லது அணையும். அதனால் கேஸ் வால்வ் மெதுவாக, நுணுக்கமாகத் திறக்கக்கூடியதாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தொட்டி பாய்லரோடு ஒட்டாமல், தனியான ஒரு பெட்டிக்குள் ஈரத்துணி வைக்க இடத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டும் நேரத்தையும் விடிகாலைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சமையலறை சிலிண்டரிலிருந்து கேஸ் பிடித்து நிரப்பலாமே என்று யாராவது ஒரு தம்பி யோசனை சொல்வான். கேட்காதீர்கள். வீட்டு கேஸில் புரோப்பேன் கலந்திருக்கிறது. தனிப் புரோப்பேன் 40 டிகிரியில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தும். எஞ்சினின் சின்னத் தொட்டி பியூட்டேனுக்காகச் செய்தது. சிறு டப்பாக்களில் விற்கும் சுத்தமான பியூட்டேன் மட்டும் போதும். நிரப்புவதை எரியும் எஞ்சினிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பாய்லரின் மேல் சேஃப்டி வால்வ் இருக்கும். வீட்டுக் குக்கரின் வெயிட் எதற்கோ அதற்குத்தான் இதுவும். குக்கர் ஒரு கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும், இந்தச் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. ஒய்பியில் அது பதினான்கு கிலோவுக்கு மேல். அழுத்தமானி இல்லாத எஞ்சினை வாங்காதீர்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தால் விலை கூடும், கொடுங்கள். ஓட்டத்தின் நடுவே தண்ணீர் சேர்க்கும் வால்வும் இருந்தால் அதற்கும் கொடுங்கள். இவை இல்லாத எஞ்சின்களில் ஒரு பழைய தந்திரத்தால் ஆபத்தைத் தவிர்க்கிறார்கள்: தண்ணீர் தீர்வதற்கு முன்னால் கேஸ் தீர்ந்துவிடும்படி தொட்டியைச் சின்னதாகவே செய்கிறார்கள். ஒருமுறை நிரப்பினால் இருபது நிமிடமோ அரை மணியோதான் ஓடும். அதனால் பாதியில் கேஸை மட்டும் நிரப்பி, தண்ணீரை மறந்து ஓட்டக்கூடாது. தண்ணீர் வற்றிய பாய்லரில் நெருப்பு எரிந்தால் இணைப்புகளின் வெள்ளிப்பற்று உருகும், பாய்லர் போய்விடும்.

‘இதற்கு அரசாங்க அனுமதி வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பாத்திரத்தைத் தொடுவதில்லை. நம் எஞ்சினில் பிடிப்பது ஒரு டம்ளர் இரண்டு டம்ளர் தண்ணீர். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நாம் சோதிக்காமல் இருக்கவும் கூடாது. புது பாய்லரை வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில், ஆவியால் அல்லாமல் தண்ணீரால் அழுத்திச் சோதிப்பதுதான் உலக வழக்கம். அந்தச் சான்றிதழ் இல்லாத பழைய எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். தாமிரக் குழாயை ஏசி மெக்கானிக்கிடம் பற்றவைத்து நாமே பாய்லர் செய்துகொள்ளலாம் என்ற யோசனையும் முதல் எஞ்சினுக்கு ஆகாது.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவைப் பார்க்காத இல்லத்தரசி யாராவது உண்டா? அதே படிவு பாய்லரின் சுவரிலும் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுக்கும். சின்னக் குழாய்களை அடைக்கும். பெரிய எஞ்சின்களுக்கே இதுதான் பெரும் எதிரி. அதனால்தான் ஷெட்டுகளில் முறைவைத்துப் பாய்லரைக் கழுவினார்கள். நம் சின்ன பாய்லருக்குள் கையும் போகாது, கம்பியும் போகாது. முதல் மழை கழிந்த பிறகு பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீரோ, காய்ச்சி வடித்த தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு கேன் பிடித்து வைத்தால் வருஷம் முழுக்க ஓடும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சிலிண்டருக்குள் போவது சூடான ஆவி. சாதாரண எண்ணெய் அதில் கழுவிக்கொண்டு போய்விடும். இதற்கென்றே நீராவி சிலிண்டர் எண்ணெய் உண்டு. 460 என்று எண் போட்டு விற்பார்கள். ஆவிக் குழாயோரம் ஒரு சின்னக் குப்பி இருக்கும். அதில் கொஞ்சம் ஆவி புகுந்து குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். மேலே மிதக்கும் எண்ணெய் அந்த அளவுக்கு வழிந்து ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஊசி சிரிஞ்சால் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு எண்ணெய் நிரப்பவேண்டும். இந்தக் குப்பி இல்லாத எஞ்சின் வெறும் பொம்மை. சில ஓட்டத்தில் சிலிண்டர் தேய்ந்துவிடும்.

சிலிண்டரிலும் இரண்டு வகை. மிக எளிய எஞ்சின்களில் சிலிண்டரே முன்னும் பின்னும் அசைந்து ஆவியின் வாசலைத் திறந்து மூடும். மலிவு; ஆனால் ஆவி கசியும், மெதுவாக ஓட்டுவது கஷ்டம், இழுக்கும் சக்தியும் குறைவு. நல்ல எஞ்சினில் சிலிண்டர் அசையாது. வெளியே தெரியும் கம்பிகள் ஒரு வால்வை நகர்த்தும். ஒய்பியின் சக்கரத்துக்கு மேலே ஆடிக்கொண்டே போகுமே, வால்ஷர்ட்ஸ் இணைப்பு, அது இந்த வேலைதான் செய்தது. முதல் எஞ்சினில் முழு வால்ஷர்ட்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அசையாத சிலிண்டர் அவசியம். மெல்ல நகர்ந்து புறப்படும் எஞ்சினில்தான் ஓட்டுவதன் ருசி இருக்கிறது.

இடத்தைப் பற்றியும் ஓரிரு சொல். பாதையை இடுப்பு உயரத்தில் போடுங்கள். சூடான எஞ்சினைக் குனிந்து கையாளவேண்டியதில்லை. மழைச் சேறும் ஏறாது. குப்பம் பக்கம் கிரானைட் வெட்டும் இடங்களில் கழித்துப் போடும் பலகைகள் இதற்கு அருமையான அடித்தளம். ஏற்ற இறக்கம் வேண்டாம். ஆவியை விடும் ரெகுலேட்டரைக் கையால் திறந்துவிட்ட எஞ்சின் இறக்கத்தில் தலைதெறிக்க ஓடும், ஏற்றத்தில் நின்றுவிடும். பித்தளைத் தண்டவாளம் வெயிலில் நீளும். பத்து மீட்டர் நீளம், விடிகாலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே ஐம்பது டிகிரி சூடேறினால் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் வளரும். அதற்கு இடைவெளி விடாவிட்டால் தண்டவாளம் பாம்பாக நெளியும்.

பணம்? எளிய கேஸ் எஞ்சினே இங்கிலாந்தில் பல நூறு பவுண்டு. அதோடு சுங்க வரி சேரும். 2020இல் மத்திய அரசு பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60ஆக உயர்த்தியது. அதன்பிறகும் விகிதங்கள் மாறிவந்திருக்கின்றன. பணம் அனுப்பும் முன் சுங்க முகவர் ஒருவரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் டப்பா விமானத்தில் வராது. பழைய எஞ்சினாக இருந்தால் தொட்டி காலியாக இருக்கிறதென்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் வசதிக்கு இப்போது செலவழிக்கவேண்டாம். கையால் ஓட்டிப் பழகியவருக்கே எஞ்சினின் மூச்சு பிடிபடும். பிறகு தேவையென்றால் சேர்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எஞ்சின் தானே உருவாகிவிடுகிறது. 45 மில்லிமீட்டர் பாதை. முடிந்தால் 32க்கும் சக்கரத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது. நான்கு சக்கரம். நடுவே குழாய் ஓடும் கேஸ் பாய்லர். அழுத்தமானி, தண்ணீர்க் கண்ணாடி, எண்ணெய்க் குப்பி. அசையாத இரண்டு சிலிண்டர். அது எந்த நாட்டு எஞ்சினின் சாயலில் இருந்தாலும் கவலைப்படாதீர்கள். ஏதோ வேல்ஸ் நாட்டுக் கல்குவாரி எஞ்சின் மாதிரி இருக்கும். நம் பாகாலா பாதையில் அப்படி ஒன்று ஓடியதே இல்லை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். பின்னால் நீங்கள் மாட்டும் பெட்டிகள் மீட்டர்கேஜ் பெட்டிகளாக இருக்கலாமே. அவற்றை மரத்திலும் தகரத்திலும் இங்கேயே செய்யலாம்.

வாங்கும் வரிசையையும் சொல்லி முடிக்கிறேன். முதலில் தண்டவாளம் வாங்கிப் போட்டு, வெறும் பெட்டி ஒன்றைக் கையால் தள்ளிச் சுற்றிலும் ஓட்டுங்கள். எங்கே தடம் புரள்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள். கைப்பெட்டி புரளாத பாதையில்தான் கொதிக்கும் எஞ்சின் ஓடலாம். இரண்டாவது, தண்ணீர் சேமியுங்கள். மூன்றாவது, எண்ணெயும் கேஸும் இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று உறுதிசெய்யுங்கள். எஞ்சின் நான்காவது. அது வந்து சேர்ந்தால் சித்திரை வெயிலில் ஓட்டாதீர்கள். காற்று அப்படிச் சுடும்போது வெளியேறும் ஆவி கண்ணுக்கே தெரியாது. மார்கழி விடிகாலையில் ஓட்டுங்கள். குளிர்காற்றில் வெள்ளை ஆவி பந்து பந்தாக எழும்பும்.

ஓர் ஆண்டு இந்தச் சின்ன எஞ்சினை ஓட்டுங்கள். பற்றவைத்ததிலிருந்து அழுத்தம் எழ எத்தனை நிமிடம், எப்போது தண்ணீர் குறைகிறது, எந்தச் சத்தம் எண்ணெய் தீர்ந்த சத்தம் என்பதெல்லாம் அதற்குள் கைக்கு வந்துவிடும். பிறகு மூன்று மீட்டர் வளைவுக்கு இடம் இருந்தால், ஒய்பியைப் பற்றிப் பேச மறுபடி என்னைக் கூப்பிடுங்கள். அப்போது நீங்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.